கற்பூரம் எரியும் நேரம்

நான் எழுதுகிற கதைகளுக்கு இலக்கணம் மதுராந்தகத்தில் இருக்கிறது. ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் கதை கட்டுவதையே தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் அதை ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை.

காலம் 1790-கள். செங்கல்பட்டுச் சீமை அப்போது கும்பினியின் ஜாகீர். லயோனல் பிளேஸ் என்பவர் கலெக்டர். மழைக்காலம் வந்தால் மதுராந்தகம் ஏரி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை அழிக்கும்; திரும்பத் திரும்பச் செலவு. அந்தச் சமயம் கோயிலில் தாயாருக்குச் சந்நிதி எழுப்பப் பணம் சேர்க்கிறார்கள். அதைக் கரைக்குச் செலவழிக்கலாமே, உங்கள் ராமர் ஏரியைக் காப்பாற்றுவாரா என்று கேட்கிறார் துரை. காப்பாற்றுவார் என்கிறார்கள். அப்படியானால் இந்த வருஷம் கரை நிற்கட்டும், சந்நிதியை நானே கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். ஒரு ராத்திரி அடைமழை. ஏரி தளும்புகிறது. கரை எந்த இடத்தில் போகப்போகிறதோ என்று பார்க்கப் போன துரையின் கண்ணில், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரைமேல் காவல் நிற்பது படுகிறது. விடிந்து பார்த்தால் கரை அப்படியே இருக்கிறது. துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் அவர் பெயர் சொல்லும் கல்வெட்டை இன்றைக்கும் படிக்கலாம்.

இதில் எனக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. ஒரு பந்தயம். மழை என்னும் கெடு. நம்புவதற்குக் காரணமே இல்லாத ஒரு சாட்சி. எல்லாவற்றையும்விட, கதை நிற்கிற விதம். பிளேஸ் என்ற கலெக்டர் இருந்தது சரித்திரம். கல்வெட்டு கண்ணெதிரே இருக்கிறது. ஆரம்பமும் முடிவும் கெட்டியாக ஊன்றியிருக்க, நடுவில் அந்த ஒரு நொடி மட்டும் நம்பிக்கையின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. நம்புகிறவருக்கு அது ராமலட்சுமணர். நம்பாதவருக்கு மழையிலும் பயத்திலும் ஒரு மனிதனின் கண் கட்டிய உரு. யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் கதை குலைவதில்லை, ஏனென்றால் கதையைத் தாங்குவது தரிசனம் அல்ல, துரை கொடுத்த வாக்கு. இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவறையில் ராமர் சீதையின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். ஊருக்குக் காவல் நின்றவர் வீட்டுக்காரியின் கையை விடாதவராகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறபோதெல்லாம், பக்தியும் காதலும் மர்மமும் ஒரே கதையில் சேருமா என்ற கேள்வி எனக்கு எழுவதேயில்லை.

பதிப்பாளர்களுக்கு எழும். மாத நாவல் என்றால் ஒன்று குடும்பக் கதை, அல்லது க்ரைம். ரமணிசந்திரனைப் படிக்கிறவர்கள் வேறு, ராஜேஷ்குமாரைப் படிக்கிறவர்கள் வேறு என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் ஒரே கைப்பைக்குள் இருப்பதைச் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் காலை ரயிலில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைப்பையிலேயே விபூதிப் பொட்டலமும், வேளாங்கண்ணி மாதாவின் படமும், தர்காவில் ஓதிக் கொடுத்த கயிறும் இருக்கும். இப்போது புத்தகம் போய் அலைபேசி வந்துவிட்டது; பையில் மற்றவை மாறவில்லை. அந்தப் பைக்குச் சொந்தக்காரிக்காகத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தனி அலமாரியே இருக்கிறது. ஹார்லெக்வின் நிறுவனம் ‘லவ் இன்ஸ்பயர்டு சஸ்பென்ஸ்’ என்று 2005 முதல் ஒரு வரிசையாகவே வெளியிடுகிறது. சின்ன ஊர், ஆபத்தில் ஒரு பெண், அவளைக் காக்க வரும் ஒரு போலீஸ்காரன், இழந்த விசுவாசம் கடைசியில் திரும்புதல். ஒழுக்கமான, கட்டுக்கோப்பான கதைகள். அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அச்சை அப்படியே எடுத்து வேடந்தாங்கலில் ஊற்ற முடியாது. அங்கே விசுவாசம் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் நடக்கிற விவகாரம். ‘கடவுளை நம்புகிறேனா?’ என்பது அங்கே கதாநாயகியின் கேள்வி. எங்கள் ஊர்க் கதாநாயகிக்கு அந்தக் கேள்வியே வராது. “கண் இருக்கா உனக்கு? கல்லா நின்னுக்கினு இருக்கியே!” என்று அம்மன் முகத்துக்கு நேரே கேட்கிறவள் அவள். அவளுக்கும் தெய்வத்துக்கும் இருப்பது உறவு. உறவு என்றால் கொடுக்கல் வாங்கல் உண்டு, கோபம் உண்டு, முகம் பார்க்காமல் இருப்பது உண்டு. முக்கியமாகக் கடன் உண்டு. வேண்டிக்கொண்டாயிற்று, செய்தாக வேண்டும். செய்ய முடியாமல் எது தடுக்கிறது? எங்கள் மண்ணின் சஸ்பென்ஸ் அங்கே பிறக்கிறது என்பது என் தீர்மானம்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. மாமல்லபுரத்தையும் காஞ்சியையும் களமாக வைத்துக் கல்கி எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. ஒற்றர்கள், மாறுவேடம், பிக்ஷு வேடத்துக்குள் ஒளிந்த பகை என்று மர்மத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கதையின் உயிர் அவற்றில் இல்லை. மாமல்லர் வந்து வாதாபியைக் கொளுத்தும்வரை இந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று ஒரு பெண் சொன்ன சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லே அவளை அவனிடமிருந்து பிரித்துவிடுகிறது. சபதம் நிறைவேறும்போது அவன் இன்னொருத்திக்குக் கணவன். அவள் ஏகாம்பரநாதர் சந்நிதிக்குப் போகிறாள். வாக்கு காதலைத் தின்றுவிட, மிச்சத்தைப் பக்தி வாங்கிக்கொள்கிறது. இதைவிடக் கொடுமையான முடிவை எந்தக் க்ரைம் கதையிலும் நான் படித்ததில்லை.

இன்னும் பின்னால் போனால் சங்கப் பாட்டில் வெறியாட்டு இருக்கிறது. காதலனைக் காணாமல் பெண் மெலிகிறாள். முருகு அணங்கியது என்று தாய் வேலனைக் கூப்பிட்டுக் களம் இழைத்து ஆட வைக்கிறாள். உண்மையான காரணம் பெண்ணுக்கும் தோழிக்கும் மட்டுமே தெரியும். தெய்வம், காதல், வெளிப்பட்டுவிடுமோ என்ற நடுக்கம் மூன்றும் ஒரே முற்றத்தில். அந்தப் புலவர்கள் வேலனைக் கேலிப் பொருளாக்கி முடித்துக்கொள்ளவில்லை, தாயையும் மூடத்தனமானவள் என்று ஒதுக்கவில்லை. தாயின் பயம் உண்மை; மகளின் காதலும் உண்மை. தோழி வாயைத் திறக்கும் தருணத்துக்காக நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என் கதைகளில் தோழிக்கு நான் கொடுக்கிற இடம் அங்கிருந்து வந்தது. கண்டுபிடிக்கிறவன் போலீஸ்காரனாக இருக்கலாம், ஆனால் முதலில் சொல்லவேண்டியவள் தோழிதான்.

ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தபோது அதற்கு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்றும் ஒரு தலைப்பு இருந்தது. மதுரைப் பக்கத்து ஒரு சின்ன ஊர். காணாமல் போகும் ஒரு குழந்தை. மனைவியைப் பற்றிக் காதில் விழும் ஒரு அவதூறு, அதைத் தாங்காமல் வீட்டை விட்டே போகும் கணவன், அவனுக்குக் கிடைக்கும் குரு. சின்ன ஊரில் கத்தியும் துப்பாக்கியும் தேவையில்லை, திண்ணையில் ஒரு வாய் போதும் என்பதை நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே அவர் காட்டிவிட்டார்.

எங்கள் தலைமுறைக்கு ஆசான் இந்திரா சௌந்தர்ராஜன். அம்மாவின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து எழுதியவர். 2024 நவம்பரில் காலமானார். அவருடைய ‘விட்டு விடு கருப்பா’, நாகா இயக்கத்தில் ‘மர்ம தேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ ஆனபோது, ஊர் ஊராகத் தெரு வெறிச்சோடியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் செய்த பெரிய காரியம், மனநோய் என்று மருத்துவர் சொல்வதற்கும் கருப்பு என்று ஊர் சொல்வதற்கும் ஒரே மரியாதை கொடுத்தது. கடைசியில் எல்லாம் மனிதன் செய்த சூது என்று போர்வையை இழுத்துக் காட்டிவிட்டு எழுத்தாளன் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆனால் அந்தக் கதையை நம்பிக்கையோடு படித்துவந்தவரை அது அவமதிக்கிறது. சாமியே வந்து குற்றவாளியைக் கொன்றார் என்று முடிப்பது அதைவிடச் சுலபம். துப்புத் துலக்கும் வேலையைத் தெய்வத்தின் தலையில் கட்டுவது பக்தி ஆகாது. என் கதையில் தெய்வம் ஒரு துப்பும் கொடுக்காது. ஆனால் தெய்வத்துக்கு முன்னால் நிற்கிற மனிதர்கள் தங்களை அறியாமல் கொடுப்பார்கள்.

களத்துக்கு வருகிறேன். நான் திரும்பத் திரும்ப வேடந்தாங்கல் பக்கமே போவதற்குக் காரணம், அங்கே ஒரு ஊரே வாக்குக் கொடுத்திருக்கிறது. ஏரி பெரிதல்ல, சுமார் 30 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, கூழைக்கடா, வக்கா என்று வந்து கூடு வைக்கும். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதற்காகவும் ஊர் அவற்றைப் பாதுகாத்தது. கும்பினிச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். அந்தக் கலெக்டரும் லயோனல் பிளேஸ்தான். ஒரே மனிதர், ஒரே பத்தாண்டு, சில மைல் இடைவெளியில் இரண்டு ஏரி. கற்பனையில் இப்படி ஒரு பொருத்தத்தை நான் வைத்திருந்தால், நம்பும்படியாக இல்லை என்று எந்தப் பதிப்பாசிரியரும் அடித்துவிடுவார்.

தீபாவளிக்கு வேடந்தாங்கலில் வெடி வெடிப்பதில்லை. சட்டத்துக்குப் பயந்து வந்த வழக்கம் அல்ல அது. ஏன் என்று ஏரிக்கரைத் தெருவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். “புள்ளத்தாச்சியா வந்து எறங்கியிருக்குதுங்கம்மா. பொண்ணு பிரசவத்துக்கு வந்த வூட்டுல வெடி போடுவாங்களா?” என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதித் தேடிக்கொண்டிருந்ததை அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டார். 2020-ல் சரணாலயத்தைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையைச் சுருக்க ஒரு யோசனை கிளம்பி, பெரிய எதிர்ப்பு வந்தது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அறிவிப்புகள் வரும், போகும். அந்த அம்மாவின் கணக்கில் அவை பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள்.

வெடிச் சத்தமே கேட்காத ஊர் மர்மக்கதை எழுதுகிறவளுக்கு எவ்வளவு பெரிய கொடை! சென்னையில் ஒரு வெடிச் சத்தத்தை எழுதினால் அது கல்யாண ஊர்வலமா, சாவு ஊர்வலமா, டயர் வெடித்ததா என்று வாசகர் யோசிப்பார். இங்கே ஒரு சத்தம் போதும். மரங்களிலிருந்து அத்தனை பறவையும் ஒரே மூச்சில் எழும்பும். ஊர் முழுக்கத் தலை நிமிரும். அந்தச் சத்தத்தைப் போட்டவன் சட்டத்தை மீறுவதற்கு முன்பே வேறொன்றை மீறிவிட்டான் என்பதை விளக்க எனக்கு ஒரு வரிகூடத் தேவைப்படாது.

பறவைகளின் பழக்கம் எனக்குக் கடிகாரமாகவும் உதவுகிறது. மாலை நாலரை, ஐந்து மணிக்கு மேல், நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக வந்து அடையும். இருட்டுகிற நேரத்தில், அவை அடங்கிக்கொண்டிருக்கும்போதே, வக்கா ஒரு கரகரத்த குரல் கொடுத்து வெளியே கிளம்பும். அது இரவில் இரை தேடுகிற பறவை, விடியும்போதுதான் திரும்பும். சாயங்காலம் வரவும் போகவுமாக வானத்தில் இரண்டு ஷிப்ட் மாறுகிறது. இதை அறிந்த அன்றே எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான்.

வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர் ஒன்று. பெயர் வைக்கவில்லை. ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி ஒரு கார்த்திகை மாத மழையில் மதகடியில் செத்துக் கிடக்கிறார். கால் வழுக்கி விழுந்தார் என்று ஊர் சொல்கிறது. அவர் மகள் கோதை மதுராந்தகத்தில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது என்று அப்பா உயிரோடு இருந்தபோது அவளைத் திருவிடந்தைக்குக் கூட்டிப்போயிருந்தார். கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் இருக்கிற நித்யகல்யாணப் பெருமாள் கோயில். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்துகொண்ட தலம் என்பது ஐதீகம். கல்யாணம் ஆகாதவர்கள் அர்ச்சனை செய்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் தம்பதியாக வந்து அந்தப் பழைய மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். கோதையின் மாலை அப்பாவின் கையால் மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் பார்த்தால் காணோம்.

காய்ந்த பூ மாலைக்கு என்ன விலை? திருடன் தொடமாட்டான். எடுத்தவனுக்கு அது மாலை என்பது தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். இந்த இரண்டில் எது என்று வாசகரை யோசிக்க வைத்துவிட்டால், அதற்கு மேல் ரத்தம் காட்டவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. இதுபோன்ற கதையில் தொலைகிற பொருள் நகையாகவோ பத்திரமாகவோ இருந்தால் காவல் நிலையத்துக்குப் போய்விடலாம். மாலை தொலைந்ததை யாரிடம் புகார் கொடுப்பது? தெய்வத்துக்குத் திருப்பித் தரவேண்டியதைத் தொலைத்துவிட்டேன் என்ற பயத்தை அவள் ஒருத்தி மட்டும் சுமக்கிறாள். அந்தத் தனிமைக்குள்தான் காதல் வர வேண்டும்.

வருகிறவன் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். கரையைப் பலப்படுத்தும் வேலைக்கு வந்தவன். அன்றைக்கு மதகை அடைக்கச் சொன்னதே அவன்தான் என்று ஊரில் பேச்சு. சின்ன ஊரில் இரண்டு பேர் பேசிக்கொள்ள எத்தனை இடம் இருக்கிறது? டவுன் பஸ் நிறுத்தம், ரேஷன் கடை வரிசை, வங்கியின் கம்பிக் கூண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் அந்தக் கூண்டை எடுத்துக்கொண்டேன். அவன் வவுச்சரை நீட்டுகிறான். அவள் முத்திரை போட்டுத் திருப்பித் தருகிறாள். முதல் ஆறு அத்தியாயங்களில் அவர்களுக்குள் இதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை. ஒருநாள் கையெழுத்துப் போடும்போது அவன் கை நடுங்குகிறது. கொலை செய்தவனின் நடுக்கமா, காதலிக்கிறவனின் நடுக்கமா? கோதைக்குத் தெரியாது. வாசகருக்கும் தெரியக்கூடாது. காதலும் குற்றமும் வெளியே காட்டுகிற அடையாளங்கள் ஒன்றேபோல இருக்கும்: கண்ணைத் தவிர்ப்பது, சொல்லவந்ததை விழுங்குவது, இருக்கக்கூடாத இடத்தில் இருப்பது. இந்த வகைக் கதையின் முழு வித்தையும் அந்த ஒற்றுமையில் அடங்கியிருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில் செல்லியம்மன் கோயில் வாசலில் கோதையின் சித்தப்பா சத்தியம் செய்கிறார். தட்டைக் கல்லில் கற்பூரத்தை ஏற்றி, சொல்லவேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். இந்தக் காட்சியை எழுதுவதற்கு முன் நான் வீட்டு வாசலில் கற்பூரம் ஏற்றிப் பார்த்தேன். கடையில் விற்கிற சின்ன வில்லை சீக்கிரமே ஒடுங்கிவிடும். இரண்டு வசனத்துக்குமேல் தாங்காது. கட்டிக் கற்பூரமானால் மனிதன் தயங்குவதற்கு நேரம் கிடைக்கும். காற்று அடித்தால் சுடர் படுத்து, புகை கறுப்பாகச் சுருண்டு எழும். அந்தக் கறுப்பை ஊரார் கவனிப்பார்கள். அதனால் கட்டிக் கற்பூரம், மழைக்கு முந்தின காற்று. தயக்கத்தை மறைக்கச் சித்தப்பா தேவைக்கு மேல் பேசுகிறார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

“ஆத்தா மேல ஆணையா சொல்றேன். பொழுது சாயுற நேரம்தான் அண்ணனக் கடைசியா பாத்தேன். வக்கா கத்திக்கினு கத்திக்கினு வந்து எறங்குது. ‘வீட்டுக்கு வாண்ணே’ன்னேன். வரல.”

கை கற்பூரத்தின் மேல் விழுகிறது. சுடர் அணைகிறது. ஊர் கலைகிறது. கோதை மட்டும் நிற்கிறாள். பொழுது சாயும்போது வக்கா வந்து இறங்காது, கிளம்பிப் போகும். வந்து இறங்குவது விடியற்காலையில். வக்கா விஷயத்தில் சித்தப்பா பொய் சொல்லவில்லை. வக்கா இறங்கியதை உண்மையாகவே பார்த்திருக்கிறார். சத்தியத்தில் அந்த ஒன்றையாவது மெய்யாகச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறார். தெய்வ பயம் உள்ளவன் என்பதாலேயே மாட்டிக்கொள்கிறான். பயமில்லாதவனாக இருந்தால் கடிகார நேரத்தைச் சொல்லித் தப்பியிருப்பான். குஞ்சு பொரித்துவிட்டால் வக்கா பகலிலும் இரை தேடப் போகும் என்பதால் சாவைக் கார்த்திகை மாதத்திலேயே வைத்தேன். தை மாதத்துக்குத் தள்ளியிருந்தால் இந்தத் துப்பு நிற்காது; ஏரிக்கரைக்காரர் யாராவது ஒருவர் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

சித்தப்பாவைக் கெட்டவராக எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. அவரும் ஆத்தாளின் பிள்ளை. பூசாரியையோ பாதிரியாரையோ வில்லனாக்கி விறுவிறுப்புத் தேடுவதையும் நான் செய்வதில்லை. போலிச் சாமியார்கள் இல்லாமல் இல்லை; அவர்களைப் பற்றிச் செய்தித்தாள் எழுதட்டும். இந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினால் மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடைக்காரப் பெண்களுக்குப் பக்கத்தில், அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவுக்கு மெழுகுவத்தி கொண்டுபோகிற பாட்டி உட்கார்ந்திருப்பாள். கோவளத்தில் கார்மேல் மாதா ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே கடற்காற்றில் நிற்கின்றன. இவர்களில் ஒருவரை ஆபத்தாகவும் இன்னொருவரை அபயமாகவும் பிரித்து எழுதிய கதை எதுவும் இந்த மண்ணைப் பார்த்து எழுதியதாக இருக்காது.

தொடாமல் விட்டதும் உண்டு. மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். சேலையால் கூடாரம் கட்டி, கடலில் இருக்கிற கன்னியம்மனை வணங்கி, பௌர்ணமி கழிந்த விடியலில் அந்த மணலிலேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பக்தியும் காதலும் சேர்ந்த அதைவிட அழகான இடத்தை நான் கண்டதில்லை. மர்மக்கதைக்குக் கூட்டமும் இருட்டும் எவ்வளவு வசதி என்பதும் தெரியும். ஆனால் அது அவர்களுடைய சாமி, அவர்களுடைய கரை. அங்கே ஒரு பிணத்தைக் கொண்டுபோய்ப் போட எனக்கு மனம் வரவில்லை. அதை எழுதவேண்டியவர் அவர்களுக்குள்ளிருந்து வருவார்.

நம்பிக்கைக்குப் பதில் கிடைக்காத காலத்தையும் எழுதவேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். எங்கள் அம்மாக்கள் பார்த்தது. 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை. அவை மஞ்சள்முகப் பாறுகள். நாடு முழுக்கப் பாறு இனமே அந்தக் காலத்தில்தான் சரிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறுகளைக் கொன்றது தெரியவந்து, கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006-ல் தடை செய்தார்கள். கழுகு வராமல் போன பிறகும் மலை ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடையாளம் நின்றுபோன பிறகும் படி ஏறுகிற மனம்தான் எனக்குக் கதாநாயகியின் மனம். மழை பொய்த்த வருஷத்தில் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் கூடு வைக்க வருவதில்லை. தண்ணீர் சூழாத மரத்தில் குஞ்சுக்குக் காவல் இல்லை. அந்த மாதிரி ஒரு வருஷத்தில்தான் கோதையின் கதையின் கடைசிப் பகுதியை வைத்திருக்கிறேன். மரங்கள் வெறுமனே நிற்க, அவள் முடிவெடுக்க வேண்டும்.

மாலையை எடுத்தது யார் என்பதை எட்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன். கொலையாளி யார் என்பது பத்தில் தெரிந்துவிடும். மீதி நான்கு அத்தியாயம் எதற்கு என்று பதிப்பாசிரியர் கேட்கிறார். ஓவர்சியரின் அம்மா அச்சிறுபாக்கத்துக்காரர். மகனுக்காக மழை மலை மாதாவிடம் அவருக்கும் ஒரு பொருத்தனை பாக்கி இருக்கிறது. அமெரிக்க வரிசையாக இருந்தால் இருவரில் ஒருவர் மற்றவரின் விசுவாசத்துக்கு வந்தாக வேண்டும். என் கதையில் இரண்டு கடனும் தீர வேண்டும், இரண்டு பேரும் அவரவராகவே இருக்க வேண்டும். திருவிடந்தையில் மாலையைச் சேர்க்கத் தம்பதியாக வர வேண்டும் என்பது முறை. அவன் வருவானா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் அம்மா, “நானும் வர்றேம்மா, மொதல்ல மலைக்கு, அப்புறம் ஒங்க பெருமாளுக்கு” என்று தானாகச் சொல்ல வேண்டும். நான் சொல்ல வைத்ததாகத் தெரியக்கூடாது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்த அம்மா இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறார். அவருக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும். நான்கு அத்தியாயத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று பதில் எழுதியிருக்கிறேன்.